டிரவுட்டுக்கு மின்னோ லூர்: இழுப்பை நிறுத்திப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அனுபவம்

முழங்கால் ஆழ ஓடை. எதிரே ஒரு பெரிய பாறை, அதன் பின்னால் கரும்பச்சையாக ஒரு குழி. 7 செ.மீ. நீளமுள்ள மிதக்கும் மின்னோவை, அதாவது சின்ன மீன் வடிவில் செய்து முள் பொருத்திய லூரை (செயற்கை இரையை), பாறையைத் தாண்டி எறிந்து இழுத்து வந்தேன். நிழலிலிருந்து ஒரு பிரவுன் டிரவுட் (குளிர்ந்த நீரில் வாழும் மீன்) கிளம்பி, லூருக்கு ஒரு சாண் பின்னால் தொடர்ந்து வந்தது. இழுப்பை நிறுத்தினேன். லூர் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேற்பரப்பை நோக்கி எழும்பியது. மீன் அங்கேயே நின்றது, அப்புறம் திரும்பிப் போய்விட்டது. மறுபடி எறிந்தேன், மறுபடி வந்தது, நிறுத்தியதும் திரும்பியது. மூன்றாவது முறை வரவேயில்லை.

அரை மணி நேரம் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டு, 5 செ.மீ. நீளமுள்ள மூழ்கும் வகை மின்னோவைக் கட்டினேன். நிறம் இரண்டுக்கும் ஒன்றுதான்: கறுப்பு முதுகு, வெள்ளி வயிறு. அதே பாறையைத் தாண்டி எறிந்து, ராடின் (தூண்டில் கோலின்) நுனியால் இரண்டு முறை சுண்டிவிட்டு நிறுத்தினேன். லூர் தலை சாயாமல், உடம்பை மட்டும் லேசாக நடுக்கியபடி கீழே இறங்கியது. அது இறங்கிக்கொண்டிருக்கும்போதே நரம்பு (தூண்டில் இழை) பக்கவாட்டில் ஒரு விரற்கடை நகர்ந்தது. ராடைத் தூக்கினால் மீன் கனக்கிறது.

அதே மீன்தானா என்று சொல்ல முடியாது. லூரின் அளவும் மாறியிருந்தது, அதனால் நிறுத்தத்தில் நடந்ததுதான் காரணம் என்று அன்றே முடிவு கட்டவில்லை. ஆனால் கேள்வி மனதில் விழுந்துவிட்டது. இத்தனை நாளும் நான் மின்னோவை இழுக்கும்போது எப்படி ஆடுகிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். இழுக்காதபோது அது என்ன செய்கிறது என்று ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. பெட்டியில் இருந்த அத்தனையையும் எடுத்துக்கொண்டு ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தொட்டியில் பார்த்தது

தொட்டி சுமார் இரண்டு மீட்டர் நீளம், தண்ணீர் தெளிவாக இருந்தது. ஒரு குட்டை ராடில் நரம்பைக் கட்டி, ஒவ்வொரு லூரையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்தேன். நோட்டில் நான்கு விஷயம் எழுதினேன். நிறுத்தினால் எழும்புகிறதா, நிற்கிறதா, இறங்குகிறதா? இறங்கினால் எந்த நிலையில் இறங்குகிறது? எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் ஆட்டம் தொடங்குகிறதா? எந்த வேகத்தில் நிலைகுலைந்து பக்கவாட்டில் சாய்கிறது?

முதல் கேள்விக்கான விடை பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். மிதப்பது, நடுநீரில் நிற்பது, மூழ்குவது என்று மூன்று வகை. ஆனால் ‘நிற்பது’ என்று போட்டிருந்த இரண்டில் ஒன்று மெதுவாக எழும்பியது, இன்னொன்று மெதுவாக இறங்கியது. இறங்கியதில் நான் முன்பு எப்போதோ ஸ்பிளிட் ரிங்கை (முள்ளை லூரில் மாட்டும் வளையத்தை) பெரிதாக மாற்றியிருந்தேன். அந்த ஒரு வளையத்தின் எடையே போதுமானதாக இருந்தது. நடுநீரில் நிற்கும் லூர் ஒரு தராசு மாதிரி. முள், வளையம், லூரை நரம்போடு மாட்டும் கொக்கி, நரம்பு எது மாறினாலும் அது சாயும். நீரின் வெப்பம் மாறினாலும் மாறும், அதனால் அன்று மீன்பிடிக்கும் நீரிலேயே காலடியில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. எழும்புகிற லூரின் முன் முள்ளின் தண்டில் மெல்லிய ஈயக் கம்பியை இரண்டு சுற்று சுற்றினேன். நின்றது. பின் முள்ளில் சுற்றிப் பார்த்தபோது வால் தொங்கியது, ஆட்டமும் மந்தமாகிவிட்டது.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் புதிது. மூழ்கும் லூர்களில் சில தலைகுப்புற நேராக இறங்குகின்றன. சில வால் முதலில். சில படுத்த வாக்கில், இரண்டு பக்கமும் மினுக்கிக்கொண்டு. ஓடையில் எனக்கு மீன் கொடுத்தது இந்தக் கடைசி வகை. அடிபட்ட சின்ன மீன் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்: நீந்தப் பார்க்கும், முடியாது, சாய்ந்தபடி கீழே போகும், மறுபடி ஒரு துள்ளு துள்ளும். தலைகுப்புற இறங்குவதைக் குறைசொல்ல மாட்டேன். வேகமான நீரில் சட்டென்று அடிக்குப் போக அதை விட்டால் வழியில்லை. ஆனால் நிறுத்தத்தில் மீனைக் கவ்வ வைக்க வேண்டுமென்றால் படுத்திறங்குவதைத்தான் கட்டுவேன்.

ஃபின்லாந்துக்காரர் லவுரி ரப்பாலா 1936-இல் தன் முதல் லூரைச் செய்ததும் இதைப் பார்த்துத்தான். கூட்டமாகப் போகும் சின்ன மீன்களில், ஒழுங்காக நீந்த முடியாமல் தள்ளாடும் ஒன்றைத்தான் பெரிய மீன் குறிவைக்கிறது என்று ஏரியில் கவனித்திருக்கிறார். தக்கையை வெட்டிச் செதுக்கி, மேலே சாக்லேட் சுற்றிய பளபளப்புத் தாளை ஒட்டி, புகைப்பட நெகட்டிவை உருக்கி வார்னிஷாகப் பூசினார். அப்புறம்தான் பால்சா மரம் வந்தது. பால்சா மிக லேசானது, அதனால் சின்ன அசைவுக்கும் உடனே ஆடும். என் பெட்டியில் எல்லாவற்றையும் விட மெதுவான இழுப்பிலேயே ஆடத் தொடங்கியது பால்சா லூர்தான். ஆனால் லேசாக இருப்பதற்கு ஒரு விலை உண்டு. ரப்பாலாவின் 5 செ.மீ. மிதக்கும் லூரின் எடை 3 கிராம். எதிர்க்காற்றில் அதை எறிந்தால் பாதி வழியில் விழுந்துவிடும். அதே 5 செ.மீ.யில் கவுன்ட்டவுன் என்ற மூழ்கும் வகை 5 கிராம். ஓடை டிரவுட்டுக்கென்றே வரும் ஜப்பானிய ஸ்மித் டி-கான்டாக்ட் 50 என்பது 4.5 கிராம். சின்ன உடம்பில் இந்த எடை இருந்தால் லேசான ராடிலும் குறிவைத்து எறியலாம். ஓடையில் நான் எறியும் இடம் பெரும்பாலும் ஒரு வாளி வாய் அளவுதான், அதனால் குறி எனக்கு முக்கியம்.

உதடு

மின்னோவின் தாடையில் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டைத்தான் உதடு என்கிறோம். குட்டையாக, உடம்புக்குக் கிட்டத்தட்டச் செங்குத்தாக இருந்தால் லூர் மேலாகவே ஓடும், ஆட்டம் அகலமாக இருக்கும். நீளமாக, உடம்பின் போக்கிலேயே முன்னோக்கி நீண்டிருந்தால் ஆழம் போகும், ஆட்டம் நெருக்கமாக இருக்கும். நரம்பு மெலிந்தால் நீரின் தடை குறைந்து இன்னும் கொஞ்சம் ஆழம் கிடைக்கும். முழங்கால் ஆழ ஓடைக்கு நீள உதடு எதற்கு என்று முன்பு கேட்டிருப்பேன். மிதக்கும் வகையாக இருந்தால் அதற்கும் ஒரு வேலை இருக்கிறது: உதடு கல்லில் முதலில் முட்டும், முள் தப்பும், இழுப்பை விட்டால் லூர் தானே பின்வாங்கி மேலே வரும்.

இனி நோட்டின் மூன்றாவது, நான்காவது விஷயங்கள். ஓடையில் இறங்கிய பிறகுதான் இவற்றின் அருமை தெரிந்தது.

லூர் ஆடுவது தரையைப் பொறுத்து அது போகும் வேகத்தால் அல்ல, நீரைப் பொறுத்து அது போகும் வேகத்தால். ஓட்டம் வரும் திசையில், மேல்நோக்கி எறிந்தால் ஓட்டமும் லூரும் என்னை நோக்கியே வருகின்றன. ஓட்டத்தை விட வேகமாகச் சுற்றினால் ஒழிய உதட்டில் நீர் பிடிக்காது, லூர் செத்த குச்சி மாதிரி மிதந்து வரும். அதனால் மேல்நோக்கி எறிய, கொஞ்ச வேகத்திலேயே ஆடத் தொடங்கும் லூர் வேண்டும். கீழ்நோக்கி எறிந்து எதிர் ஓட்டத்தில் இழுத்தால் நேர் எதிர்: ஓட்டத்தின் வேகமும் என் சுற்றலின் வேகமும் சேர்ந்துகொள்ளும். தொட்டியில் சீக்கிரம் நிலைகுலைந்த லூர்கள் எல்லாம் இங்கே பக்கவாட்டில் சாய்ந்து மேற்பரப்பில் வழுக்கின. ஒரே லூர் ஒரே குழியில், எறியும் திசை மாறியதும் நன்றாகவோ மோசமாகவோ ஓடுவதற்குக் காரணம் இதுதான். நான் பல நாள் அதை லூரின் கோளாறு என்று நினைத்து ஒதுக்கியிருக்கிறேன்.

டிரவுட் ஓட்டத்தை எதிர்கொண்டுதான் நிற்கும். அதனால் எனக்குப் பிடித்தது மேல்நோக்கிக் குறுக்காக எறிவது: நான் அதன் பார்வைக்குப் பின்னால் இருப்பேன், லூர் அதன் முன்னாலிருந்து வரும். ஆனால் தாழ்ந்த கிளைக்கு அடியில் மீன் நிற்கிறதென்றால் எறியவே இடமிருக்காது. அங்கேதான் முதல் நாள் என்னைக் கைவிட்ட மிதக்கும் மின்னோவை மறுபடி மதிக்கத் தொடங்கினேன். கிளைக்கு மேல்பக்கம் நின்றுகொண்டு, ரீலின் பெயிலைத் (நரம்பு தானாக ஓடாமல் தடுக்கும் கம்பியைத்) திறந்து லூரை நீரில் விட்டேன். அது இலை மாதிரி மிதந்து, கிளைக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் போனது. பெயிலை மூடியதும் நரம்பு இறுகி, ஓட்டமே உதட்டைப் பிடித்து லூரை உள்ளே அழுத்தியது. நான் சுற்றக்கூட இல்லை, நின்ற இடத்திலேயே லூர் நீந்திக்கொண்டிருந்தது. மூழ்கும் லூரால் இது முடியாது, போகும் வழியிலேயே அடியில் மாட்டிக்கொள்ளும். மாலையில் மீன்கள் மேற்பரப்பில் மேயும்போதும் அந்த எழும்பல் பிடித்துப்போகிறது. சுண்டிவிட்டு எழும்ப விட்டால், லூர் மேற்பரப்பைத் தொடும் கணத்தில் மீன் அடிக்கும்.

சீர் செய்தல்

என் பெட்டியில் மூன்று லூர்கள் நேராக ஓடவில்லை. கோளாறு பெரும்பாலும் மூக்கு வளையத்தில்தான், பாறையில் அடிபட்டு ஒரு மயிரிழை கோணியிருக்கும். லூரின் மூக்கு என்னைப் பார்க்கும்படி இழுத்து வரும்போது அது என் வலப்பக்கம் ஒதுங்கினால், வளையத்தை என் இடப்பக்கம் வளைக்க வேண்டும். ஊசிமூக்குப் பிளையரால் வளையத்தை மென்மையாகப் பிடித்து, வளைந்ததா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். நீரில் போட்டுப் பாருங்கள், அப்புறம் மறுபடி. ஒரே அழுத்தில் முடிக்கப் பார்த்தபோது பால்சாவில் கம்பி உள்ளேயே திரும்பி, பூச்சு விரிந்துவிட்டது. வளையத்தை முறுக்கவும் கூடாது, பக்கவாட்டில் சாய்க்க மட்டும்தான் வேண்டும்.

கட்டும் முடிச்சும் இதில் சேர்ந்ததுதான். மூக்கில் இறுகும் முடிச்சு போட்டால் சின்ன மின்னோவின் தலை அசைய இடமில்லை. இறுகாத சிறு வளைய முடிச்சு போடுவேன், அல்லது உருண்டை வளைவுள்ள மிகச் சிறிய ஸ்னாப் (திறந்து மூடும் கம்பிக் கொக்கி). சுழலி சேர்ந்த பெரிய கொக்கி 3 கிராம் லூரின் மூக்கையே கீழே இழுத்துவிடும்.

அடுத்து முள். இரண்டு ட்ரெபிள் (மூன்று முனை) முள்ளோடு வந்த லூர்களில் எல்லாம் நான் ஒற்றை முள் போட்டேன். பல டிரவுட் நீர்நிலைகளில் பார்ப் (முனைக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள்) இல்லாத ஒற்றை முள்தான் சட்டம், போகுமுன் அந்த இடத்தின் விதியைப் படித்துவிட வேண்டும். சட்டம் இல்லாத இடத்திலும் நான் அப்படித்தான் போடுகிறேன். ஆறு முனைகள் உள்ள ஒரு சின்ன லூரை ஒரு சின்ன டிரவுட்டின் வாயிலிருந்து எடுக்கும்போது, கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு முனை எப்போதும் இருக்கிறது. எனக்கு அது தாங்கவில்லை. ட்ரெபிளை விட ஒற்றை முள் எடை குறைவு என்பதால் ஓர் எண் அல்லது இரண்டு எண் பெரிதாகப் போட்டால் லூரின் சமநிலை கிட்டத்தட்டப் பழையபடி இருக்கும். தண்டும் வளையமும் ஒரே போக்கில் இருக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் முனை பக்கவாட்டில் திரும்பி நிற்கும். மாற்றிய ஒவ்வொன்றையும் மறுபடி தொட்டியில் போட்டேன். ஒன்று, மூழ்கும் வகை, ரொம்ப மெதுவாக மூழ்கும் லூராக மாறியிருந்தது. அது இப்போது ஆழம் குறைந்த, ஓட்டம் தளர்ந்த இடங்களுக்கு என் முதல் தேர்வு.

நிறத்தைப் பற்றிக் குறைவாகவே சொல்வேன். தெளிந்த நீருக்கு வெள்ளி அல்லது இயல்பான பழுப்பு, கலங்கிய நீருக்குப் பொன் அல்லது பளிச்சென்ற மஞ்சள்பச்சை, வெளிச்சம் மங்கிய நேரத்துக்கு நிழலுருவம் தெளிவாகத் தெரியும் கரிய ஒன்று. மூன்று போதும். ஐந்து நிறத்தில் ஒரே லூரை வாங்குவதை விட, ஒரே நிறத்தில் மிதப்பது, நிற்பது, மூழ்குவது என மூன்றை வாங்குவது நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். முதலில் நிறத்தை மாற்றுகிறவர் மீன் பார்க்காத ஆழத்திலேயே ஐந்து நிறங்களையும் காட்டிக்கொண்டிருப்பார்.

ஏரியில், மற்ற மீன்களுக்கு

ஏரியில் ஓட்டம் இல்லை, அதனால் நிறுத்தம் முழுக்க என் கையில். கவுன்ட்டவுன் வகை ஒரு விநாடிக்குச் சுமார் 30 செ.மீ. இறங்கும் என்பதால், விழுந்ததும் எண்ணத் தொடங்குவேன். ஐந்து எண்ணினால் ஒன்றரை மீட்டர். எந்த எண்ணில் மீன் தொட்டதோ அடுத்த எறிவில் அதே எண். பெர்ச்சுக்கு 5 முதல் 7 செ.மீ. போதும், அது கூட்டமாகத் திரியும் மீன் என்பதால் ஒன்று கிடைத்த ஆழத்தில் இன்னொன்று கிடைக்கும்.

பாஸ் மீனுக்கு 10, 11 செ.மீ. நீள, நடுநீரில் நிற்கும் மின்னோ. நீர் குளிர்ந்திருக்கும் நாட்களில் இதில் பொறுமைதான் வேலை. இரண்டு சுண்டு, அப்புறம் ஐந்து விநாடி, சில சமயம் பத்து விநாடி ஒன்றுமே செய்யாமல் இருக்க வேண்டும். லூர் கண்ணாடிக்குள் வைத்த மாதிரி நிற்கும். கை தானாக ரீலைச் சுற்றப் பார்க்கும். ஒரு காலையில் எட்டாவது விநாடியில் நரம்பு மெல்ல இறுகியது. அடி என்று சொல்ல முடியாது, யாரோ மறுமுனையை எடுத்து வைத்துக்கொண்ட மாதிரி. சரியாகத் தராசு பிடிக்காத லூராக இருந்திருந்தால் அந்த எட்டு விநாடியில் அது மேற்பரப்புக்கே வந்திருக்கும்.

பைக் என்ற கூரிய பல் மீன் இருக்கும் நீரில் கம்பி லீடர் (லூருக்கு முன்னால் கட்டும் உலோகக் கம்பித் துண்டு) போடாமல் எறியாதீர்கள். அதன் பல் நரம்பை அறுத்துவிடும், முள்ளோடு போன மீன் நாள்கணக்கில் வதைபடும். ஆனால் கம்பியின் எடை சின்ன மின்னோவின் மூக்கைச் சாய்த்து, நிற்கும் லூரை மூழ்கும் லூராக்கிவிடும். அதனால் அங்கே 11 செ.மீ.க்குக் குறைவாக நான் கட்டுவதில்லை, லீடரோடு சேர்த்துத்தான் தொட்டியில் சோதிக்கிறேன். கொடியும் பாசியும் அடர்ந்த நீரில் விரால் மாதிரி மீன்களைத் தேடுகிறவர்களுக்கு மின்னோ சரிப்படாது. திறந்த முள் எல்லாவற்றிலும் மாட்டும்.

பல்தடம்

போன வாரம் மறுபடி அந்தப் பாறைக்குப் போனேன். நீரின் வெப்பத்தைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். 20 டிகிரியை நெருங்கினால் டிரவுட்டுக்கு மூச்சே சிரமம், பிடித்து விட்டாலும் பிழைப்பது கடினம், அன்றைக்கு ராடை எடுக்கக்கூடாது. அன்று 12 டிகிரி இருந்தது. சின்ன பால்சா மின்னோ, மிதக்கும் வகைதான், ஆனால் நரம்பில் அரை மீட்டர் முன்னால் ஒரு சின்ன ஈயக் குண்டு கடித்து வைத்திருந்தேன். குண்டு கீழே இழுக்க, லூர் மேலே போகப் பார்க்க, நிறுத்தத்தில் லூர் எழும்பாமல் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தத்தளித்தது. முதல் எறிவில் ஒன்றுமில்லை. இரண்டாவதில், நிறுத்தி மூன்று எண்ணும்போது, பாறை நிழலிலிருந்து ஒரு பழுப்பு முதுகு வந்து பக்கவாட்டில் கவ்வியது. முன் முள் மேல்தாடையில் சுத்தமாக ஏறியிருந்தது. கையை நனைத்துக்கொண்டு, மீனை நீரிலேயே வைத்து, முள்ளைத் திருப்பி எடுத்தேன். அதன் தலையை ஓட்டத்தை நோக்கி வைத்து ஒரு நிமிடம் பிடித்திருந்தேன். வாலை ஒரு முறை வலுவாக அசைத்துவிட்டு நிழலுக்குள் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் லூரின் விலாவில் ஊசிக்குத்து மாதிரி வரிசையாக ஐந்து துளைகள். பால்சாவுக்குள் நீர் இறங்கினால் மரம் உப்பும், எடை ஏறும், ஆட்டம் போய்விடும். முட்களைக் கழற்றிவிட்டு நிழலில் தொங்கவிட்டு இரண்டு நாள் காயவைத்தேன். நன்றாகக் காயாமல் மேலே பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும். உதட்டின் அடியிலும் பழைய பசை விட்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, ஐந்து நிமிட எப்பாக்ஸியை ஈர்க்குச்சி நுனியில் தொட்டு வைத்து, மூக்குக்கு நேர் எதிரே கண்ணை வைத்து உதடு இரு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இறுக விட்டேன். துளைகளுக்கு நிறமற்ற நகப்பூச்சு, ஒரு துளைக்கு ஒரு சொட்டு. முதல் பூச்சு உள்ளே இழுத்துக்கொண்டது. இரண்டாவது இப்போது காய்ந்துகொண்டிருக்கிறது. நாளைக்குத் தொட்டியில் போட்டு நிறுத்திப் பார்க்க வேண்டும்.